கூப்பன் எல்லாருக்கும், பட்டியல் சிலருக்கு

2023 ஜூன் மாதம் அஸ்வெசும பெயர்ப் பட்டியல் வெளிவந்த கிழமை எங்கட ஊர்களில் ஓ.எல். ரிசல்ட் வந்த மாதிரித்தான் இருந்தது. ஃபோன் உள்ளவர்கள் ஃபோனில் தேடினார்கள். இல்லாதவர்கள் விதானையாரிடம் போய், ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்து வைத்துத் தேடினார்கள். ஒழுங்கையில் கண்டால் சுகம் கேட்பதற்கு முன்னால் "பேர் வந்திருக்கோ?" என்றுதான் கேட்டார்கள். பெயர் வந்த வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் இடையில் பேச்சு நின்றுபோனதும் உண்டு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா ஒருவர் (எங்களில் ஒருவரின் அம்மம்மா), "அந்த நாளையில கூப்பன் எல்லாருக்கும்தானே. பேர் வந்ததோ எண்டு ஆரும் போய்ப் பார்க்கேல்லை" என்றார்.

வயதானவர்கள் வழக்கமாகச் சொல்லும் 'அந்தக் காலம்' கதைகளில் ஒன்றாகத்தான் முதலில் அதை எடுத்துக்கொண்டோம். பிறகு ஏனோ அந்த வசனம் மனதில் நின்றுவிட்டது. நாங்கள் நான்கு பேர். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருவர் கிளிநொச்சி, ஒருவர் ஹட்டன் பக்கம். அம்மம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடத் தொடங்கினோம். தேடத் தேட அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்று தெரிந்தது. சரியில்லாத இடம் ஒன்றும் இருந்தது. அதை எங்களுக்குக் காட்டியவர் ஹட்டன் நண்பி.

கதை 1942இல் தொடங்குகிறது. யுத்தத்துக்கு முன்னால் இலங்கை தனக்குத் தேவையான அரிசியில் பெரும்பங்கை வெளியிலிருந்துதான் வாங்கியது. நெல் விளைந்த நாடு, குளம் கட்டிய நாடு என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த எங்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். தேயிலை, இறப்பர், தெங்கு என்று ஏற்றுமதிப் பயிர்களில் நின்ற பொருளாதாரம், சாப்பாட்டுக்குப் பர்மாவையும் இந்தியாவையும் நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரின் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசியைச் சந்தையின் கையில் விட்டால் பணம் உள்ளவன் மட்டும்தான் சாப்பிடுவான், துறைமுகத்திலும் தோட்டத்திலும் வேலை நின்றுவிடும் என்பது பிரித்தானிய நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பங்கீடு வந்தது. தலைக்கு இவ்வளவு, வயதுக்கு ஏற்ப இவ்வளவு, நிர்ணயித்த விலையில். இரக்கத்தால் வந்த திட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. யுத்தத்தை நடத்துவதற்கு அது தேவைப்பட்டது.

ஆனால் அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். கூப்பன் மட்டை கிடைப்பதற்கு ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. நாட்டில் இருந்தால் போதும். பெரிய வளவுக்காரருக்கும் கூப்பன், அவர் வளவில் வேலை செய்பவருக்கும் கூப்பன். மட்டையில் சாதி எழுதப்படவில்லை. கடைக்கு முன்னால் யார் எங்கே நின்றார்கள் என்பது வேறு கதை, அதை யாராவது தனியாக எழுத வேண்டும். ஊருக்கு ஊர் சங்கக்கடைகள் பெருகியதும் இந்தக் காலத்தில்தான். 'சங்கக்கடை', 'கூப்பன் அரிசி', 'கொத்து' என்று எங்கட வீடுகளில் இன்றும் அடிபடுகிற சொற்களுக்கு இவ்வளவு வயது. ஒரு கொத்து என்றால் இரண்டு றாத்தல், இன்றைய கணக்கில் 900 கிராமுக்குக் கொஞ்சம் கூட. கூப்பன் அரிசியின் சுவையைப் பற்றி மட்டும் அம்மம்மாவிடம் கேட்கக்கூடாது. கல்லும் மணமும் புழுவும் என்று தொடங்கினால் நிற்பாட்ட மாட்டார்.

யுத்தம் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. 1945 ஒக்டோபரில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எங்களைப் போன்றவர்கள் கலைப்பீடத்தில் இருந்து இதை எழுதுவதே அதனால்தான். கட்டணம் இல்லை என்றதும் பிள்ளை பள்ளிக்கூடம் வந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. வயிறு காய்ந்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதால் பாடசாலை மதிய உணவும் கூடவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் இதன் அர்த்தம் வேறு. 1930ஆம் ஆண்டளவில் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அதைப் பொறுக்காமல் பள்ளிக்கூடங்களைக் கொளுத்திய ஊர் இது. அந்த ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சாப்பாடு என்பது சின்ன விசயம் இல்லை.

இனி 1953. இலங்கை வரலாற்றில் அரிசிக்காக ஓர் அரசாங்கம் ஆடிப்போன வருடம்.

கொரிய யுத்தக் காலத்தில் ஏறியிருந்த இறப்பர் விலை விழுந்தது, உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. 1952 டிசம்பரில் சீனாவோடு இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்தார்கள். வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது. அது போதவில்லை. பிரதமர் டட்லி சேனநாயக்க, நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தன. 1953 ஜூலையில் ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். தபால் கட்டணம், ரயில் கட்டணம் ஏறின. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது.

பெரும்பாலான கட்டுரைகளில் இந்தக் கடைசி விசயம் ஒரு காற்புள்ளிக்குப் பிறகு வந்துபோகும். எங்களுக்கு அதுதான் உறுத்தியது. அரிசி விலை ஏறுகிற அதே மாதத்தில் பிள்ளையின் மதியச் சாப்பாட்டையும் எடுத்தால், வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வயிற்றுக்குக் கணக்கு மாறும்? இரண்டு வெட்டும் ஒரே சட்டியில்தான் விழுகிறது. நிதியமைச்சின் தாளில் இவை இரண்டு வெவ்வேறு தலைப்புகள். சமைக்கிற அம்மாவுக்கு ஒன்றுதான்.

1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால். இடதுசாரிக் கட்சிகள் அழைத்தன, அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக அது போனது. தண்டவாளங்களைக் கழற்றினார்கள், வீதிகளை மறித்தார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூஃபவுண்ட்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடம், அரசாங்கம் தன்ட சனத்துக்குப் பயந்து பழைய எசமானின் கப்பலில் போய் இருந்திருக்கிறது! ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். பிறகு வந்த சேர் ஜோன் கொத்தலாவல விலையை 55 சதமாக இறக்கினார். ஹர்த்தால் என்றால் இன்றைக்கு எங்களுக்கு வடக்கு கிழக்கில் கடையடைப்பு, காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், கைது. தெற்கில் அந்தச் சொல் பெரிதாக நிற்பது ஒரு கொத்து அரிசியோடு.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு இலங்கையில் அரிசியைத் தொட எல்லாருக்கும் பயம். விலை திரும்பவும் 25 சதத்துக்கு வந்தது. 1962இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க கூப்பன் அளவைக் குறைக்கப் பார்த்தார், சொந்தக் கட்சிக்காரரே எதிர்த்தார்கள், அமைச்சை விட்டுப் போனார். 1966 டிசம்பரில் டட்லியின் அரசாங்கம் (மறுபடியும் டட்லி!) கிழமைக்கு இரண்டு கொத்து என்றிருந்ததை ஒரு கொத்தாகக் குறைத்தது. ஆனால் அந்த ஒரு கொத்துக்குக் காசு இல்லை என்றது. 'இலவச அரிசி' என்று நாங்கள் சொல்வது சரியாக இந்த இடத்தில்தான் பிறந்தது, அதுவும் ஒரு வெட்டின் வேடத்தில். 1970 தேர்தலில் சிறிமாவோவின் கூட்டணி வெட்டிய கொத்தைத் திருப்பித் தருவோம் என்று சொல்லி வென்றது. தந்தார்கள். இரண்டாவது கொத்துக்கு மட்டும் 75 சதம்.

இந்த இருபத்தைந்து, முப்பது வருடம் என்ன செய்தது என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லலாம். 1946இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன் இறந்தன. 1970 அளவில் அது ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. இதில் கூப்பனுக்கு மட்டும் முழுப் புகழையும் கொடுக்க முடியாது. மலேரியாவை டி.டி.ரி. அடக்கியது, கிராமத்துக்குக் கிராமம் மருத்துவமாதுக்கள் வந்தார்கள், தாய்மார் எழுத வாசிக்கத் தெரிந்தவர்களானார்கள். ஆனால் ஏழை நாடொன்று பணக்கார நாடாகும்வரை காத்திருக்காமல் தன் பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்கலாம் என்பதற்கு அமர்த்தியா சென் போன்றவர்கள் இலங்கையைத்தான் உதாரணம் காட்டினார்கள். அந்த உதாரணத்தின் அடியில் இருந்தது கூப்பன் மட்டை.

இந்த இடத்தில்தான் ஹட்டன் நண்பி எங்களை நிறுத்தினார். "எழுபத்தி நாலு பத்தி ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டார்.

1974 யாழ்ப்பாண வீடுகளில் எப்படி நினைவுகூரப்படுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறிய நேரம். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் தடைசெய்யப்பட்டன. எங்கட தோட்டக்காரருக்கு அது பொற்காலம். மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினார்கள், நகை செய்தார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். இன்றைக்கும் அப்பப்பாமார் அந்தக் காலத்தைச் சொல்லும்போது முகம் மலரும். பாணுக்கு வரிசையில் நின்றதையும், சாப்பாட்டுக் கடையில் கிழமைக்கு இரண்டு நாள் சோறு விற்கக்கூடாது என்றிருந்ததையும், அரிசி கொண்டுபோனால் வீதியில் மறித்துத் தேடியதையும் பகிடியாகச் சொல்வார்கள். மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டது ஒரு வீரக்கதை.

'தோட்டம்' என்ற அதே சொல் மலையகத்தில் வேறு பொருள். 1973இல் இலவச அரிசி பாதியாகக் குறைக்கப்பட்டது. கோதுமை மாவின் விலை ஏறியது. லயத்தில் ரொட்டிதான் ஒரு நேரச் சாப்பாடு. கிராமத்தில் இருப்பவர் வேலி ஓரத்தில் மரவள்ளி நடலாம். லயத்தில் இருப்பவருக்கு நடுவதற்கு நிலம் எது? கடைக்குப் போனால் கையில் காசு நாட்கூலி, அதுவும் வேலை கொடுத்த நாட்களுக்கு மட்டும். 1974இல் தோட்டப்புறங்களில் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. அதே வருடம் நாட்டின் சராசரி ஐம்பதை ஒட்டித்தான் இருந்தது. மேலே நாங்கள் பெருமையாக எழுதிய எண்ணுக்குள் இந்த எண் ஒளிந்திருக்கிறது. ஆட்கள் பட்டினியில் செத்தார்கள், நகரங்களுக்கு இறங்கிக் கையேந்தினார்கள், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேற இருந்தவர்கள் வேகமாகக் கப்பலேறினார்கள்.

'எல்லாருக்கும் கூப்பன்' என்ற அம்மம்மாவின் வசனம் எங்கே உடைகிறது என்பது அப்போது விளங்கியது. கூப்பன் மலையகத்துக்கும் இருந்தது. ஆனால் மற்றவர்களுக்குக் கூப்பனைத் தவிர வளவு, வயல், வாக்கு, எம்.பி. என்று ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தது. 1948இல் குடியுரிமையும் அதைத் தொடர்ந்து வாக்கும் பறிக்கப்பட்டவர்களுக்குக் கூப்பன் மட்டும்தான். அதைப் பாதியாக வெட்டினால் அவர்களுக்காக ஹர்த்தால் செய்ய யாரும் இல்லை. 1953இல் கப்பலில் ஏறிய அரசாங்கத்துக்கு 1974இல் ஏற வேண்டிய தேவை வரவில்லை.

அதே 1973இல் இன்னொன்றும் தொடங்கியது. திரிபோஷா. எங்கட தலைமுறையில் அதைச் சாப்பிடாதவர் யார்? சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த மா. ஆரம்பத்தில் கெயார் நிறுவனத்தின் உதவியோடு வெளிநாட்டுத் தானியத்தில் வந்தது, சில வருடங்களில் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கும் 750 கிராம் பக்கெட். சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்தால் நிறை குறைந்த தம்பிக்குப் பிடித்த உருண்டையில் நிறை குறையாத அக்காவும் அண்ணாவும் பாதியைத் தின்றுவிடுவார்கள். அதிகாரிகள் இதைப் 'பகிர்ந்துண்ணும் பிரச்சினை' என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அது பிரச்சினையாகத் தோன்றவில்லை. வீட்டில் மற்றப் பிள்ளைக்கும் பசிக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

1977இல் ஜே. ஆர். வந்தார். 1953இல் நிதியமைச்சராக முடியாமல் போனதை இந்தமுறை நிதானமாக, படிபடியாகச் செய்தார். 1978இன் தொடக்கத்தில் கூப்பன் எல்லாருக்கும் இல்லை, மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று ஆனது. ஏறத்தாழப் பாதிச் சனம் வெளியே. 1979 செப்டெம்பரில் அரிசியும் போய் உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குக் கீழே மாதம் 25 ரூபா, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 20 ரூபா, அதற்கு மேலே 15 ரூபா. மண்ணெண்ணெய்க்குக் குடும்பத்துக்கு 9 ரூபா 50 சதம். சின்னப் பிள்ளைக்குக் கூடக் கொடுத்தது நல்ல யோசனைதான், அதை மறுக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில். அரிசி கொத்துக் கணக்கு; விலை ஏறினாலும் கொத்து கொத்துத்தான். முத்திரை ரூபாக் கணக்கு. பொருட்களின் விலை ஓட, முத்திரை நின்ற இடத்தில் நின்றது. சில வருடங்களிலேயே அதன் பெறுமதி பாதியாகத் தேய்ந்தது. 1980இல் புதிதாகப் பெயர் சேர்ப்பதையும் நிறுத்தினார்கள். ஹர்த்தால் வரவில்லை. வெளியே தள்ளப்பட்டவர்கள் கொஞ்சம் வசதியானவர்கள், சத்தம் போடத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு இனி அரிசி விலை தனிப்பட்ட விசயம். உள்ளே இருந்தவர்கள் இருப்பதும் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

வருமானத்தை எப்படி அளந்தார்கள்? பெரும்பாலும் குடும்பமே சொன்னதை வைத்து. வயலில், கடலில், சில்லறை வியாபாரத்தில் இருப்பவரின் வருமானத்தை யார் அறிவார்? ஆனால் தோட்டத் தொழிலாளியின் வருமானம் செக்ரோலில் சதக்கணக்கில் எழுதியிருக்கும். புருசன், பெண்சாதி, வேலைக்குப் போகும் மகள் மூன்று பேரின் பெயரையும் கூட்டினால் 300 ரூபா தாண்டிவிடும். முத்திரை இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் பட்டினியில் செத்த சனத்தை, கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருந்த ஒரே காரணத்துக்காகப் 'போதிய வருமானம் உள்ளவர்கள்' பக்கத்தில் போட்டார்கள். பிறகு வந்த சமுர்த்தியிலும் மலையகத்தின் பங்கு குறைவாகவே இருந்தது. ஏழைகளை மட்டும் தெரிந்தெடுத்துக் கொடுப்பதுதான் சிக்கனம், அதுதான் நீதி என்று பொருளாதாரப் பாடத்தில் எங்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். தெரிந்தெடுக்கிற கண்ணுக்கு யார் தெரிவார்கள், யார் தெரியமாட்டார்கள் என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அரிசியை எல்லாரிடமிருந்தும் எடுத்த அதே ஜே. ஆர். அரசாங்கம்தான் 1980இல் இலவசப் பாடநூலை எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தது. 1993இலிருந்து சீருடைத் துணியும் வந்தது. எங்களில் நான்கு பேரும் அந்தப் புத்தகத்தில் படித்து, அந்தத் துணியில் சட்டை தைத்துப் போட்டவர்கள்தான். புத்தகத்தின் முதல் பக்கத்தில் போன வருடம் படித்த அக்காவின் பெயர் இருக்கும், சில கேள்விகளுக்குப் பென்சிலால் விடையும் இருக்கும். துணி கொஞ்சம் மெல்லிசு, நீலம் போடாவிட்டால் மஞ்சளடிக்கும். ஆனால் வகுப்பில் டொக்டரின் மகளுக்கும் அதே துணி, மீன் சந்தையில் வேலை செய்பவரின் மகளுக்கும் அதே துணி. வகுப்பாசிரியர் பெயர் கூப்பிடும்போது யாரும் தலையைக் குனியவில்லை. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள், பிறகு திரும்பத் துணி வந்தது. 2023இல் கையில் காசில்லாத அரசாங்கத்துக்குச் சீருடைத் துணியில் 70 வீதத்தைச் சீனா அன்பளிப்பாகக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் இன்னும் கூப்பன் காலம்தான் நடக்கிறது என்று சொல்லலாம்.

பிரேமதாசவின் ஜனசவிய 1989இல் வந்தது. குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, 24 மாதத்துக்கு. 1995இல் சமுர்த்தி. இவை இரண்டும் யுத்தம் நடந்த எங்கட பகுதிகளுக்கு ஒழுங்காக வரவில்லை, அதனால் இங்கே அதிகம் எழுதவும் எங்களிடம் இல்லை. எங்கட அம்மாமாருக்கு அந்த வருடங்களின் சொல் 'நிவாரணம்'. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒரு அட்டை, அட்டைக்கு அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். ஒரு பக்கம் பொருளாதாரத் தடை, சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றறியும் கட்டுப்பாட்டில். மறு பக்கம் அதே அரசாங்கத்தின் கச்சேரி வழியாக, உலக உணவுத் திட்டத்தின் உதவியோடு, அதே சங்கக்கடையில் நிவாரணம். 1942இல் யுத்தத்துக்காகத் திறந்த கடைகள் இன்னொரு யுத்தத்துக்கும் வேலை செய்தன.

அந்த அட்டையின் கடைசி அத்தியாயத்தை எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் விவாதம் வந்தது. கிளிநொச்சி நண்பருக்கு அப்போது ஆறு வயது. தன் வீட்டுக் கதையை எழுத வேண்டாம், அறிக்கையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள் என்றார். 2009 ஜனவரி இறுதியில் வன்னியில் இருக்கும் பொதுமக்கள் 70,000 பேர்தான் என்று அரசாங்கம் சொன்னது. அங்கேயே இருந்து கணக்கெடுத்த அரச அதிகாரிகளின் மதிப்பீடு மூன்று இலட்சத்தைத் தாண்டியது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2,80,000க்கு மேல். உணவும் மருந்தும் எவ்வளவு அனுப்புவது என்பது இதில் எந்த எண்ணை நம்புவது என்பதில்தான் தங்கியிருந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்குவதற்கு வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் அது இருக்கிறது. இறந்த தாய்மார் சிலரின் கையில் பால்மாவுக்கான அட்டை இருந்தபடியே இருந்தது என்றும் அதில் எழுதியிருக்கிறது.

2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் முழு நாடும் வரிசையில் நின்றது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். சோளம் இல்லாமல் திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. பள்ளிக்கூடத்தில் காலைக்கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதாக ஆசிரியர்கள் கதைத்தார்கள். மதிய உணவை விரிவாக்க வேண்டும் என்ற பேச்சு 1953க்குப் பிறகு இவ்வளவு சத்தமாகக் கேட்டது அப்போதுதான் இருக்கும். அடுத்த வருடம் அஸ்வெசும: மாதம் 15,000, 8,500, 5,000, 2,500 என்று நான்கு படி, 22 குறிகாட்டிகள். மின்சாரக் கட்டணம் எவ்வளவு, கூரை என்ன, மோட்டார் சைக்கிள் இருக்கா, காணி எவ்வளவு. ஏறத்தாழ 20 இலட்சம் குடும்பங்களைத் தெரிந்தெடுப்பது நோக்கம். பத்து இலட்சம் மேன்முறையீடுகள் அளவில் வந்து குவிந்தன.

குறிகாட்டி என்றால் கண்மூடித்தனம் என்று நாங்கள் சொல்லவில்லை. சமுர்த்தி காலத்தில் அரசியல்வாதியின் ஆளாக இருந்தால் பெயர் வரும் என்றிருந்ததற்கு இது பரவாயில்லை என்பது எங்களில் இரண்டு பேரின் கருத்து. மற்ற இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. யுத்தத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டில் இருக்கும் கணவனை இழந்த பெண்ணுக்கு அந்த வீடே எதிர்ச் சாட்சியாகிறது, லயத்துச் சுவருக்கும் அரசாங்கத்தின் கேள்வித்தாளில் 'நிரந்தரச் சுவர்' என்றுதான் பெயர், 1979இல் செக்ரோல் செய்த வேலையை இன்றைக்குச் சுவர் செய்கிறது என்பது அவர்களின் வாதம். இதில் நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கான விசயங்களில் மட்டும் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. பாடநூலைப் போல, சீருடையைப் போல, பள்ளிக்கூடச் சாப்பாடும் திரிபோஷாவும் கேள்வி கேட்காமல் எல்லாப் பிள்ளைக்கும் போக வேண்டும். காசில்லாத 1945இலும் அதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ஹட்டன் நண்பி விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்வந்தார். அவரின் பாட்டியிடம் கூப்பனைப் பற்றிக் கேட்டுவரச் சொல்லியிருந்தோம். 74இன் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசவில்லையாம். கூப்பன் புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார்: "ஓட்டு லிஸ்டுல எங்க பேரு இல்ல. கூப்பன் புத்தகத்துல இருந்துச்சு. அத வச்சுத்தான் இந்த நாட்டுல நாங்களும் இருக்கோம்னு தெரியும்." அந்தப் புத்தகம் இப்போது எங்கே என்று கேட்டதற்கு, அரிசி நின்ற பிறகும் கன காலம் றங்குப் பெட்டிக்குள் வைத்திருந்ததாகவும், ஒரு மழைக்காலத்தில் லயத்துக் கூரை ஒழுகி நனைந்துபோனதாகவும் சொன்னாராம்.